கரடி மேட்டில் ஏறிய விதம்

ஜூலை 8, 2024. ஓசூர்

இல்லை, லாரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் எடுத்தார்களாம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் எழுத வந்து, எஞ்சினுக்குள் புகுந்து, நூறு பக்கம் தாண்டியும் முதல் வருடத்தை விட்டு வெளியே வரவில்லை என்றார் விளம்பரப் பிரிவு மேலாளர் ஜெயசீலன்.

தென்முடி மோட்டார்ஸ். கனரக லாரிகள் செய்கிறார்கள். எல்லாச் சக்கரமும் இழுக்கும் காட்டு வண்டிகளும் செய்கிறார்கள். டிசம்பரில் அறுபதாம் ஆண்டு விழா. அதற்குள் நிறுவனத்தின் வரலாறு புத்தகமாக வேண்டும். நிர்வாக இயக்குநர் ரங்கநாயகி அம்மாள் படித்துவிட்டு ஒப்பமிட்டால், நான் ஆவண அறையின் நிரந்தர அலுவலர். ஒப்பமிடாவிட்டால் திருச்சி. திருச்சி என்றால் அப்பா, அப்பாவின் மேசை இழுப்பறை, அதில் ஒன்பது ஜாதகங்கள்.

ஆய்வுப் பட்டம் சோழர் கல்வெட்டுகளில். ஆயிரம் ஆண்டுக்கு இந்தப் பக்கம் வருவது இதுவே முதல் முறை.

ஜூலை 9

விடுதியில் தண்ணீர் காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை. வாளி வாங்கினேன்.

ஜூலை 17

இதுவரை தெரிந்தது.

கோவிந்தப்பன். கல்குவாரி லாரிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்தவர். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, பிரித்து, மறுபடி பூட்டி, மிச்சப்பட்ட போல்ட்டுகளைப் பார்த்து யோசித்தவர். சாதாரண லாரியைப் பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. முன் சக்கரங்கள் திரும்ப மட்டும்தான். சேற்றிலும் மலையிலும் அது போதாது. நான்கும் இழுக்க வேண்டும். 1964இல் கம்பெனி. 1967இல் முதல் நான்கு சக்கர இழுவை லாரி. பெயர் கரடி. பிறகு ஆறும் இழுக்கும் காட்டெருது. பிறகு கிரேன் சுமக்கும் வண்டி, தீயணைப்பு வண்டி, ஒரு வேலைநிறுத்தம், இரண்டு வெள்ளம், கம்ப்யூட்டர்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு கதை. 1967 நவம்பர். மேல்பாறை எஸ்டேட். கீழ்ச் சாலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கு ஏறும் முந்நூறடி மேடு. கழுதை மட்டுமே ஏறும். ஐந்து டன் உர மூட்டையோடு கரடியைக் கோவிந்தப்பன் தாமே ஓட்டி மேலே நிறுத்தினார். நின்ற இடத்தில் பன்னிரண்டு வண்டிகளுக்கு ஆர்டர். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனி அந்தத் தையோடு மூடப்பட்டிருக்கும்.

கம்பெனியின் சின்னம் அதுதான்: மேடு, மேட்டில் ஒரு லாரி. கீழே வாசகம்: எப்பக்கமும் முன்பக்கம்.

சின்னத்தில் லாரியின் மூக்கு கீழ்நோக்கி இருக்கிறது. ஏறும் வண்டி ஏன் இறங்குவதுபோல் நிற்கிறது? ஜெயசீலனிடம் கேட்டேன்.

"அது அடக்கம்மா. எவ்வளவு மேல போனாலும் கீழ பாக்கணும்."

எழுதிக்கொண்டேன். நம்பவில்லை.

ஜூலை 30

இன்று ஒரு காட்டெருது வாசலைத் தாண்டியதைப் பார்த்தேன். சூடம், பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வைத்தவர் சோதனை ஓட்டுநர் திம்மராஜ். ஆறு சக்கரத்துக்கும் ஆறு பழம். அடுத்து வந்தது சாதாரண லாரி. பின் சக்கரங்களுக்கு மட்டும் வைத்தார். முன்னால் இல்லை.

"முன்னாடி மறந்துட்டீங்களே."

"மறக்கல மேடம். அது சும்மா உருண்டுக்கினு வர்ற சக்கரம். வேலை செய்யற சக்கரத்துக்குத்தான் இங்க பழம்."

"எல்லா ஊரிலும் எல்லாச் சக்கரத்துக்கும்தானே வைப்பார்கள்?"

"எல்லா ஊர்லயும் வண்டிய வாங்கினவன் வெப்பான். இங்க செஞ்சவன் வெக்கறான். எது இழுக்குதுன்னு செஞ்சவனுக்குத் தெரியுமில்ல? கோவிந்தப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒருவாட்டி அப்ரண்டீஸ் பையன் ஒருத்தன் நாலு வெச்சிட்டான். ஃபோர்மேன் வண்டிய வாசல்லயே நிறுத்தி ரெண்ட எடுக்க வெச்சாரு."

இது புத்தகத்தில் ஓர் ஓரக் குறிப்பு ஆகலாம். திம்மராஜ் பற்றி வேறொன்றும் எழுதுவதற்கில்லை. வயது முப்பது இருக்கும். சட்டைக் கையை இரண்டு மடிப்புதான் மடிக்கிறார். மூன்று இல்லை.

ஆகஸ்ட் 6

மேல்பாறைப் படங்கள் அகப்பட்டன. மூன்று. பின்னால் பென்சிலில் தேதி, நேரம்.

ஒன்று: ஓசூர் வாசல், புறப்பாடு. பக்கவாட்டில் எடுத்தது. முன் சக்கரத்தடியில் ஒரு பழம். பின் சக்கரத்தடியில் ஒரு பழம். சரி.

இரண்டு: மேட்டின் அடிவாரம், மறுநாள் காலை எட்டரை. மறுபடி சூடம், பழம். முன் சக்கரத்தடியில் பழம்.

பின் சக்கரத்தடியில் இல்லை.

மூன்று: மேட்டின் உச்சி, பத்தேகால். வண்டி நிற்கிறது. மூக்கு கீழ்நோக்கி.

உருப்பெருக்கி வைத்து மூன்று முறை பார்த்தேன். பின் சக்கரத்தடியில் கல் இருக்கிறது, சாணி இருக்கிறது. பழம் இல்லை.

ஆகஸ்ட் 7

திம்மராஜிடம் இரண்டாவது படத்தைக் காட்டினேன். சாப்பாட்டு நேரம். கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்து பார்த்தார்.

"பின்னாடி இழுக்கல மேடம் இந்த வண்டி."

"எப்படி இவ்வளவு உறுதியாக?"

"பழம் இல்லியே."

"பழம் தீர்ந்துபோயிருக்கலாம்."

"தீந்துபோனா பூஜைய நிறுத்துவாங்க, வண்டிய நிறுத்துவாங்க. ரெண்டு வெச்சு ஏமாத்த மாட்டாங்க. ராத்திரி மலை ஏர்றப்ப பின் அச்சுல கிரவுன் பல்சக்கரம் போயிருக்கும். பல்லு உடைஞ்சா ஓசூர் வந்துதான் மாத்தணும். அச்சுக்குள்ள சுத்தற தண்டைக் கழட்டி உருவிட்டு முன் சக்கரத்துலயே ஓட்டிக்கினு வந்திருக்காங்க."

"அப்படியென்றால் அந்த மேட்டில் ஏறியது?"

"ஏறாது. அஞ்சு டன்னு. பாரம் பூரா பின்னாடி சரியும், முன் சக்கரம் தரையப் புடிக்காது. சும்மா சுத்தும்."

"ஆனால் உச்சியில் நிற்கிறதே."

அவர் மூன்றாவது படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததைப் பற்றி எழுதுவதற்கில்லை.

"ரிவர்ஸ்ல ஏத்தியிருக்காங்க. திருப்பி நிறுத்தினா முன் சக்கரம் கீழ்ப்பக்கம் வரும். பாரம் அது மேல உக்காரும். புடிச்சிக்கும். மூக்க பாருங்க. கீழ பாத்துக்கினு நிக்குது."

"ஏறிய பிறகு திருப்பியிருக்கலாமே?"

"எங்க திருப்பறது? பின்னாடி சுவரு ஒட்டிக்கினு இருக்கு. அந்த இடத்துல ஆட்டோவே திரும்பாது."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

துணி துவைத்தேன். யோசித்தேன்.

ராஜாவின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி பொய் சொல்லும். கடல் கடந்தேன், கங்கை கொண்டேன், எதிரிகள் புறமுதுகிட்டார்கள். அதற்குக் கீழே, கோயில் விளக்குக்கு விட்ட ஆடு தொண்ணூற்றாறு என்று வரும் வரி பொய் சொல்லாது. ஐந்து வருடம் இதைத்தான் படித்தேன். ராஜாவை விட்டுவிடு, ஆட்டை நம்பு.

இங்கே ஆடு எலுமிச்சை.

ஆனால் எந்த ராஜாவிடமும் போய் ஆட்டைக் காட்டி வேலை கேட்க வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை.

ஆகஸ்ட் 21

அத்தியாயத்தை எழுதிவிட்டேன். முதல் கரடி முன் சக்கரங்களால் மட்டும், பின்னோக்கி ஏறியது. அன்றைக்கு அது நான்கு சக்கர இழுவை வண்டியே இல்லை. பிறகு கொடுத்த பன்னிரண்டும் சரியானவைதாம், நான்கும் இழுத்தன, அதற்கு எஸ்டேட்டின் கடிதங்கள் இருக்கின்றன. ஆனாலும்.

ஜெயசீலன் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் அந்த ஊருக்கே போய்விடுவார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வரலாறுன்னா முன்னால போறது. ரிவர்ஸ்ல போன கம்பெனின்னு போட்டா எவன் லாரி வாங்குவான்?"

"எப்பக்கமும் முன்பக்கம் என்று நாம்தானே போட்டிருக்கிறோம் சார்."

"அது வாசகம். அதுக்கு அர்த்தமெல்லாம் கிடையாது."

"சின்னத்திலும் அப்படித்தான் நிற்கிறது."

"அது அடக்கம்னு சொன்னேம்லா!"

பிரதியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அம்மாளிடம் நானே கொண்டுபோக வேண்டுமாம். தன் கை அதில் படவில்லை என்பதற்கு ப்யூன் சாட்சியாம்.

ஆகஸ்ட் 22

கொண்டுபோகவில்லை. தலைவலி.

ஆகஸ்ட் 23

தலைவலி இல்லை. கொண்டுபோகவில்லை.

செப்டம்பர் 2

கொண்டுபோனேன்.

ரங்கநாயகி அம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கோவிந்தப்பனின் மகள்; தம்பி ஒருவர் போர்டில் இருக்கிறார். மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. ஒரு பல்சக்கரம் மட்டும், காகிதம் பறக்காமல் இருக்க. நான் தந்தவற்றைப் படித்துவிட்டு அதன் அடியில் வைத்தார்.

"இதுக்கெல்லாம் ஆதாரம் எலுமிச்சம்பழமா?"

"ஆமாம் மேடம்."

"இருந்த எலுமிச்சம்பழம் இல்ல. இல்லாத எலுமிச்சம்பழம்."

"ஆமாம் மேடம்."

"சோதனை மேடு ஒண்ணு நம்ம கிட்ட இருக்கு. பழைய கரடி ஒண்ணு ஷெட்டுல நிக்குது. அஞ்சு டன் ஏத்து. பின் அச்ச உருவு. ஏத்திக் காட்டு. ஏறினா பேசலாம்."

"ஏறாவிட்டால்?"

"நீ திருச்சிதானே?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயம்.

செப்டம்பர் 9

திம்மராஜும் நானும் பழைய கரடியைப் பார்த்தோம். எலி இரண்டு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் அதைச் சரிசெய்கிறோம். அதாவது அவர் சரிசெய்கிறார். நான் விளக்கைப் பிடிக்கிறேன். விளக்குப் பிடிக்கும் இந்த ஒரு மணி நேரம் வரலாற்றாய்வின் பகுதி. வேறெதுவும் இல்லை.

"ரைட்டர் மேடம், வெளிச்சம் என் மூஞ்சில அடிக்குது. நட்டு கீழ இருக்கு."

செப்டம்பர் 12

அப்பா போன் செய்தார். பத்தாவது ஜாதகம். பையனுக்குச் சொந்தமாக லாரி இருக்கிறதாம். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாராம். "எத்தனை சக்கரம் இழுக்கும்?" என்று கேட்டேன். அப்பாவுக்குப் புரியவில்லை. நல்லது.

செப்டம்பர் 18

நடந்ததை நடந்தபடி.

காலை ஏழரை. பனி. ரங்கநாயகி அம்மாள் கம்பளிச் சட்டை போட்டு, நாற்காலி போட்டு, மேட்டின் பக்கத்தில். ஜெயசீலன் வரவில்லை, மாடி ஜன்னலில் தெரிந்தார். ஐந்து டன் மணல் மூட்டை. திம்மராஜ் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் பழம் வைத்தார், இரண்டே இரண்டு. அம்மாள் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

முதலில் முன்னோக்கி. இருபதடி. முன் சக்கரங்கள் சுற்றின. புகை. ரப்பர் நாற்றம். வண்டி பின்னால் வழுக்கியது. திம்மராஜ் தலையை நீட்டி, "பாத்தீங்களா, சும்மா சுத்துது" என்று வெற்றி பெற்றவர்போல் சொன்னார்.

பிறகு திருப்பினார். பின்னால் ஓட்டுவதில் சிக்கல், மூட்டைகள் மறைக்கின்றன. மேட்டின் இரு பக்கமும் பள்ளம்.

"மூட்டை மேல ஒருத்தர் ஏறி நின்னு லெஃப்டு ரைட்டு சொல்லணும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அத்தியாயம்தானே.

ஏறினேன். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. வண்டி உறுமி மேலே போக ஆரம்பித்தது. பின்னால் என்றாலும் மேலே. மெதுவாக, அடிஅடியாக. "லெஃப்ட்! இல்லை, ரைட்! என் ரைட்!" என்று கத்தினேன். "உங்க ரைட்டு எனக்கு எந்தப் பக்கம்?" என்று உள்ளேயிருந்து கத்தல். பாதியில் ஒரு சக்கரம் விளிம்பை உரசியது, மண் உதிர்ந்தது. கயிற்றைத் தவிர எல்லா நம்பிக்கையும் போய்விட்டது. பிறகு வானம் மட்டும் தெரிந்தது. பிறகு வண்டி சமதளத்தில் இருந்தது.

ஏறிவிட்டது.

அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, மேட்டில் நடந்தே வந்தார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை. நான் நின்ற மூட்டைகளைப் பார்த்தார்.

"நான் அங்கதான் நின்னேன்" என்றார். "ஒம்பது வயசு. சோத்துக் கை, பீச்சாங் கைன்னு கத்துவேன். லெஃப்டு ரைட்டெல்லாம் யாருக்குத் தெரியும்."

 திம்மராஜ் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்? எதுக்கு எங்கள இந்தப் பாடு படுத்தினீங்க?"

"ஐம்பத்தேழு வருசமா ஒருத்தராவது படத்தைப் பாத்துக் கேக்கறாங்களான்னு பாத்தேன். கேட்டுட்டு ஓடிப்போறவளா, ஏறி நிக்கறவளான்னும் பாக்கணுமில்ல?"

"உங்கள் அப்பா பெரிய தைரியசாலி" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

அம்மாள் திரும்பி மேட்டைப் பார்த்தார்.

"எங்கப்பாக்கு ரிவர்ஸே வராது கண்ணு. கொட்டகைக்குள்ள ஒரு வண்டிய ஒழுங்கா விட்டது கிடையாது. தினமும் ராத்திரி வண்டியெல்லாம் பின்னாடி எடுத்து உள்ள நிறுத்தினது எங்கம்மா. நாகம்மா. அன்னைக்கு மேட்டுல ஏத்தினதும் அம்மாதான். அப்பா கீழ நின்னு, எஸ்டேட் மேனேஜர் கேட்டதுக்கு, எங்க வண்டிக்கு எப்பக்கமும் முன்பக்கம்னு சமாளிச்சாரு. அதை மட்டும் நல்லா சொன்னாரு."

"ஆனால் வெள்ளி விழா மலரில் அவர் ஓட்டியதாகத்தானே..."

"அந்த மலரை அச்சுக்கு அனுப்பினது நான். எண்பத்தொம்பதுல. பொம்பளை ஓட்டினதுன்னு போட்டா, லேசான வண்டி போலிருக்குன்னு நினைப்பாங்கன்னு டீலருங்க சொன்னாங்க. நான் சரின்னேன். அம்மா படிச்சாங்க. நீயாச்சும் உங்கப்பாவ மேல ஏத்திட்டியேன்னாங்க. சிரிச்சுக்கிட்டே. அதுக்கப்புறம் ஏழு வருசம் இருந்தாங்க. அந்தப் பேச்சையே எடுக்கல."

இறங்கும்போது சொன்னார்: "ரிவர்ஸை எழுதிக்கோ. நிரூபிச்சிட்டே. யார் ஓட்டினாங்கன்னு எழுதாதே."

செப்டம்பர் 19

"யார் ஓட்டினார் என்பது தெரியவில்லை." எழுதிப் பார்த்தேன். நல்ல வாக்கியம். சோழர் காலத்துக்குச் சரியாக இருக்கும்.

செப்டம்பர் 20

திம்மராஜ் டீ வாங்கித் தந்தார். அவரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"எழுதினா வேலை போயிடும். எழுதலேன்னா?"

"வேலை இருக்கும்."

"அப்புறம் என்னா கேள்வி?"

அவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு நீங்க இங்க இருந்தா நல்லது" என்றார். "அதுக்காக நாலு பழம் வெக்கச் சொல்ல மாட்டேன்."

முதல் பாதியைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அதனால் இரண்டு முறை மட்டும் நினைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 24

எழுதினேன். "ஓட்டியவர் நாகம்மாள், கோவிந்தப்பனின் மனைவி." அடுத்த பத்தியில்: 1989 மலர் அவர் பெயரை விட்டது, விட்டவர் அவருடைய மகள். மகளின் பெயரையும் போட்டேன். போடாவிட்டால் அது பாதிப் பழம்.

கொடுத்துவிட்டேன். ப்யூன் இந்த முறையும் சாட்சி.

செப்டம்பர் 30

பதில் இல்லை.

அக்டோபர் 4

பதில் இல்லை. ஜெயசீலன் வராந்தாவில் என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் தலைகீழாக இருந்தது.

அக்டோபர் 8

பெட்டி பாதி கட்டினேன். வாளியை எடுத்துப்போவதா, வேண்டாமா?

அக்டோபர் 10

நாளை ஆயுத பூஜை. தொழிற்சாலை முழுக்க வாழைக்கன்று, காகிதத் தோரணம், பொரி. நான்கு மணிக்கு அழைப்பு.

மேசையில் என் பிரதி. பல்சக்கரம் அதன் மேல் இல்லை.

"உக்காரு. என் பேரைப் போடறப்ப கை நடுங்கலயா?"

"நடுங்கியது மேடம். அதனால் தட்டச்சு செய்தேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"எங்க தம்பி போர்டுல குதிச்சான், எங்கப்பாவ அவமானப்படுத்தறாங்கன்னு. அப்பாக்கு என்னடா அவமானம், வண்டியச் செஞ்சது அவரு, ஓட்டினது அம்மா, ரெண்டு பேரும் இல்லாம இது நடக்குமான்னு கேட்டேன். கேட்டப்பறம்தான் எனக்கே தோணுச்சு. இதை எண்பத்தொம்பதுலயே கேட்டிருக்கலாம்."

பிரதியைத் தள்ளினார். முதல் பக்கத்தில் ஒப்பம். எல்லாப் பக்கத்திலும் ஒப்பம். மேல்பாறை அத்தியாயத்தில் அவர் பெயர் வரும் பத்தியைக் கைவைக்காமல் விட்டிருந்தார். அதற்கு மேலே, ஓரத்தில், பச்சை மையில் ஒரு குறிப்பு மட்டும்:

"இங்கே ஒன்று விட்டுப்போயிற்று. ஏறுமுன் அம்மா தன் இரண்டு கை வளையல்களையும் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். மூட்டை மேல் நின்று கத்தும்போது அவை முழங்கை வரை சரிந்து சரிந்து விழுந்தன. கண்ணாடி வளையல். ஒன்றுகூட உடையவில்லை. சேர்த்துக்கொள்."

வெளியே வந்தேன். ஜெயசீலன் நின்றார், போன் இல்லாமல். "வளையல் நல்லாருக்கும்மா. போஸ்டர்ல போடலாம்" என்றார். பிறகு மெல்ல, "அடக்கம்னு நானும் இருவது வருசமா நம்பிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

அறைக்குப் போய், வளையல் வரிகளை அவர் எழுதியபடியே சேர்த்து, பக்க எண்களைச் சரிசெய்து, ஐந்தரை மணிக்குப் பிரதியை அச்சகத்துக்கு அனுப்பினேன்.